லேப்டாப் சூட்டைக் குறைக்க 99% போதும்
குளச்சல், முட்டம் மாதிரி கடலோர ஊர்களில் உப்புக்காற்றின் ஈரமும் தூசியும் சேர்ந்து லேப்டாப் விசிறியில் பசைபோல ஒட்டிக்கொள்ளும். முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள். காற்றடிக்கும்போது விசிறி சுழலாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொள்வது முக்கியம்.

அப்புறம், கூலிங் பேட் வாங்குவதற்கு முன்னால் விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் 'மேக்சிமம் பிராசசர் ஸ்டேட்' (பிராசசர் வேகத்துக்கான உச்சவரம்பு) 100% என்றிருப்பதை 99% ஆக்கிப் பாருங்கள். பெரும்பாலான இன்டெல் லேப்டாப்களில் டர்போ பூஸ்ட், அதாவது தேவைப்படும்போது பிராசசர் தன் வேகத்தைத் தானே கூட்டிக்கொள்ளும் வசதி, நின்றுவிடும். (சில புதிய மாடல்களில் இந்த வரி மறைந்திருக்கும்.) வேகம் ஏறினால் வோல்டேஜும் ஏறும், மின்செலவோ வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதனால்தான் கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்தாலே சூடு நன்றாக இறங்குகிறது, பேட்டரியும் கூடுதல் நேரம் நிற்கிறது. டைப்பிங்குக்கும் ஆன்லைன் வகுப்புக்கும் வித்தியாசமே தெரியாது.

கோர் டெம்ப் என்ற சின்ன மென்பொருளில் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் வெப்பநிலையைக் குறித்து வையுங்கள். அதன்பிறகும் சாதாரண வேலையிலேயே 90 டிகிரியைத் தொட்டால், தெர்மல் பேஸ்ட் (பிராசசரின் சூட்டை வெளியே கடத்த அதன்மேல் பூசும் பசை) காய்ந்திருக்கிறதா என்று சர்வீஸ் கடையில் பார்க்கச் சொல்லுங்கள்.