பழைய டிரக் கேம்பரில் ஒழுகல்: பூசி மெழுகாமல் சரிசெய்வது எப்படி?

டிரக்கின் பின்தளத்தில் ஏற்றிவைக்கும், படுக்கையும் சமையல் வசதியும் கொண்ட தங்கும் அறைதான் டிரக் கேம்பர். அதன் உட்சுவரில் பழுப்புக் கறை தெரிந்ததும் பலருடைய கை முதலில் சீலன்ட் (இடுக்குகளை அடைக்கும் பசை) குழாயைத்தான் தேடும். அதைச் சற்று ஒதுக்கி வையுங்கள். கறை தெரியும் இடம் வேறு, தண்ணீர் நுழையும் இடம் வேறு. கூரையில் புகுந்த நீர் சுவருக்குள் இருக்கும் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி, சில அடி தள்ளி எங்கேயோ தலைகாட்டும். வண்டி சரிவில் நின்றிருந்தால் அது ஓடும் திசையே மாறிவிடும்.

1. மழைநீர்தானா என்று பாருங்கள்

எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் பம்பை இயக்குங்கள். யாரும் எதையும் திறக்காதபோதே பம்ப் அவ்வப்போது ஓடி ஓடி நின்றால், பெரும்பாலும் உள்குழாய் இணைப்பில்தான் கசிவு. பாத்திரத் தொட்டிக்கு அடியிலும் வாட்டர் ஹீட்டருக்குப் பின்னாலும் கைவிட்டுத் தடவிப் பாருங்கள்.

குளிர்ந்த இரவுக்குப் பிறகு மெத்தையின் அடியில் மட்டும் ஈரம் இருந்தால், அது உங்கள் மூச்சுக்காற்றின் ஈரம் குளிர்ந்து படிந்ததாக இருக்கலாம். அதற்குத் தேவை காற்றோட்டம்; சீலன்ட் அல்ல.

2. மரத்தின் நிலையை அறியுங்கள்

ஓட்டுநர் அறைக்கு மேல் நீண்டிருக்கும் படுக்கைப் பகுதிதான் பழைய கேம்பர்களின் பலவீனம். மழையில் வேகமாகப் போகும்போது காற்று தண்ணீரை அதன் முகப்பில் அறைந்து, மேல்நோக்கிக்கூடத் தள்ளும். அந்தப் பகுதியின் கீழ் மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். விரல் நுனியில் தட்டினால் நல்ல பிளைவுட் 'டக்' என்று ஒலிக்கும். இற்றுப்போனது 'தொப்' என்று மந்தமாகக் கேட்கும். சந்தேகம் இருந்தால் அலமாரிக்குள் கண்ணில் படாத இடமாகப் பார்த்துக் குத்தூசியால் குத்துங்கள். தடையே இல்லாமல் இறங்கினால் மரம் போய்விட்டது.

மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரமானி இருந்தால் வேலை எளிது. 15 சதவீதத்துக்குக் கீழ் என்றால் கவலையில்லை. 20-ஐத் தாண்டினால் எங்கிருந்தோ நீர் வந்துகொண்டிருக்கிறது. அளவுகளைச் சுவரிலேயே சிறு தாள்களில் எழுதி ஒட்டி வையுங்கள். ஈரம் வந்த பாதை கண்ணுக்குத் தெரியும்.

3. தண்ணீர்ச் சோதனை

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே டார்ச்சுடன். இன்னொருவர் வெளியே ஹோஸுடன். பீய்ச்சி அடிக்க வேண்டாம், மழைபோல் மெதுவாக விழட்டும். கீழிருந்து மேலாகப் போவதுதான் முக்கியம். கூரையிலிருந்து தொடங்கினால் வழிந்து வரும் நீர் எல்லா இடுக்குகளையும் நனைத்துவிடும், எது குற்றவாளி என்று தெரியாது. முதலில் ஜன்னல்கள், பிறகு முகப்பு விளக்குகள், சுவர்கள் சேரும் விளிம்பை மூடியிருக்கும் மூலைப் பட்டைகள், கடைசியாகக் கூரை. ஒவ்வொரு பகுதிக்கும் பத்து நிமிடமாவது கொடுங்கள்.

அப்படியும் பிடிபடவில்லையா? எரிவாயு அடுப்பு, ஹீட்டர், குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஜன்னல்களையும் கழிவுநீர்த் துளைகளையும் மூடுங்கள். கூரைத் திறப்பு ஒன்றில் மின்விசிறியைப் பொருத்தி, காற்றை உள்ளே செலுத்துங்கள். வெளியே விளிம்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால், ஓட்டை உள்ள இடத்தில் நுரை குமிழியிடும்.

வழக்கமான சந்தேகத்துக்குரியவை: கூரைக் காற்றுத் திறப்புகளின் ஓரம், முகப்பு உச்சியில் வரிசையாக உள்ள சிறு விளக்குகளின் கம்பித் துளைகள், மூலைப் பட்டைகள், கேம்பரைத் தூக்கும் ஜாக்குகள் பொருத்திய இடங்கள். ஜாக்குகள் மொத்த எடையையும் தாங்குவதால் அங்கே சுவர் நெளிந்து சீலன்ட் விரிசல் விடும். ஜன்னல் சட்டத்தின் அடியில் உள்ள சின்னத் துளைகளை மட்டும் ஓட்டை என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள். சட்டத்தில் தேங்கும் நீர் வெளியேறும் வழி அவை.

4. கழற்றி, காயவைத்து, மீண்டும் பொருத்துங்கள்

மூலைப் பட்டையை எடுத்துக்கொள்வோம். அதன் நடுவில் ஓடும் வினைல் நாடாவை உருவினால் ஸ்குரூ வரிசை தெரியும். நாடா காலப்போக்கில் சுருங்கி, முனைகளில் இடைவெளி விட்டிருக்கும். ஸ்குரூக்களின் தலை துருவேறியிருக்கும். ஸ்குரூ பிடிப்பே இல்லாமல் சுழன்றால், பின்னால் மரம் மக்கியிருக்கிறது என்று பொருள்.

பட்டையை நெம்பவும் பழைய பசையைச் சுரண்டவும் தட்டையான பிளாஸ்டிக் சுரண்டி போதும். கடைசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். ரப்பர் கூரையில் பெட்ரோல், மண்ணெண்ணெய் பக்கமே போகக் கூடாது; ரப்பர் உப்பிக் கெட்டுவிடும்.

அடுத்தது காயவைப்பது. அவசரக்காரர்கள் தோற்பது இங்கேதான். உட்பலகையைத் திறந்து விசிறியை ஓடவிட்டு, ஈரமானி 15-க்குக் கீழே இறங்கும்வரை காத்திருங்கள். வாரக்கணக்கில் ஆனாலும் ஆகட்டும். ஈரத்தோடு மூடினால் உள்ளே மரம் இற்றுக்கொண்டே போகும். சிறிய அளவில் மென்மையான மரத்துக்கு ஊடுருவும் எபாக்ஸி (மரத்துக்குள் இறங்கி இறுகும் பிசின்) போதும். உதிர்ந்து வருவதை வெட்டி எடுத்துவிட்டுப் புது மரம் வைக்கத்தான் வேண்டும்.

பட்டையின் பின்புறம் பியூட்டைல் டேப்பை (பிசைந்த மாவுபோல் மென்மையான, ஒட்டும் ரப்பர் நாடா) ஒட்டி, துருப்பிடிக்காத எஃகு ஸ்குரூக்களால் சிறிது சிறிதாக இறுக்குங்கள். டேப் இரு ஓரமும் பிதுங்கினால் சரியாக அமர்ந்திருக்கிறது. சில நாள் கழித்து இன்னொரு முறை இறுக்கிவிட்டுப் பிதுங்கியதை நறுக்கி எடுத்து, புது வினைல் நாடாவைச் செருகுங்கள்.

கூரைத் திறப்புகளைச் சுற்றி, தானே பரவிச் சமமாகும் சீலன்ட் வேண்டும். செங்குத்துச் சுவருக்கு வழியாத வகை. உங்கள் கூரை ரப்பரா, ஃபைபர்கிளாஸா, அலுமினியமா என்று பார்த்து அதற்குப் பொருந்துவதை வாங்குங்கள். சாதாரண சிலிக்கான் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒருமுறை பூசிவிட்டால் அதன்மேல் வேறெதுவும் ஒட்டாது, புது சிலிக்கான்கூடச் சரியாகப் பிடிக்காது. அடுத்து சரிசெய்பவர் அதைச் சுரண்டியே சலித்துப்போவார்.

பழைய கூரையில் ஏறும்போது அகலமான பலகையைப் போட்டு அதன்மேல் மண்டியிடுங்கள். அடியில் மரம் இற்றிருந்தால் கால் உள்ளே போய்விடும்.

சீலன்ட் உலர்ந்த பிறகு அதே இடத்தில் மீண்டும் ஹோஸைப் பிடியுங்கள். உட்பலகையை மட்டும் அடுத்த நல்ல மழை வரும்வரை மாட்டாதீர்கள்.