நகையை அடகு வைக்கும் முன்: மருத்துவச் செலவில் நம் கடற்கரைக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியில் இருந்து மூக்கையூர் வரை எந்தக் கடற்கரை ஊரை எடுத்துக்கொண்டாலும், வீட்டில் ஒருவருக்குப் பெரிய நோய் என்று தெரிந்த அன்றே நகை அடகுக் கடைக்குப் போய்விடுகிறது. அது போதாவிட்டால் மீன் வியாபாரியிடம் முன்பணம். அதை வாங்கிவிட்டால் அப்புறம் பிடித்து வரும் மீனை அவர் சொல்லும் விலைக்குத்தான் கொடுக்க வேண்டும். வைத்தியம் முடிந்து வருடக்கணக்கான பிறகும் நண்டுக்கும் கணவாய்க்கும் நியாயமான விலை கேட்க முடியாமல் இருக்கிற குடும்பங்கள் இங்கே உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் நோய் வந்தால் நிலைமை இன்னும் மோசம்.

அரசுக் காப்பீடு, நிவாரண நிதி, மருந்துக் கம்பெனிகளின் உதவித் திட்டம், ரயில் சலுகை என்று வழிகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு ஒரே வரிசைதான்: முதலில் காகிதம், அப்புறம் சிகிச்சை. கையில் இருந்ததைக் கட்டிவிட்டு ரசீதோடு போய் நின்றால் பணம் திரும்பி வராது. நான் பார்த்தவரையில் மற்ற எந்தத் தவறையும்விட இந்த வரிசையை மாற்றிச் செய்வதுதான் குடும்பங்களைக் கவிழ்க்கிறது.

காப்பீட்டு அட்டை

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் தொடக்கம் 2009. 2018 முதல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து நடக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். இது முழுக்க ரொக்கமில்லாத திட்டம். ஆஸ்பத்திரியே விண்ணப்பித்து அனுமதி வாங்கி, ஆஸ்பத்திரிக்கே பணம் போய்ச் சேரும். அதனால் கவுண்டரில் முன்பணம் கட்டுவதற்கு முன், அங்கே உள்ள காப்பீட்டுப் பிரிவு எங்கே என்று கேளுங்கள்.

நோய் வந்த பிறகு அட்டைக்கு அலைவது அடுத்த தவறு. விஏஓவிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றோடு பட்டணம்காத்தானில் உள்ள கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்துக்குப் போய் வர ராமேஸ்வரத்துக்காரருக்கு ஒரு நாள் தொழில் போகும். உடம்பு நன்றாக இருக்கும்போது அந்த ஒரு நாளை ஒதுக்கிவிடுங்கள். தடைக்காலம் இதற்குத் தோதான நேரம்.

மண்டபம் முகாமில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று: முகாம்களில் வசிக்கும் இலங்கைத் தமிழர்களுக்கும் இந்தத் திட்டம் உண்டு, வருமான வரம்பும் கிடையாது. “நமக்கெல்லாம் தரமாட்டார்கள்” என்று தானாக முடிவு செய்துகொண்டு வட்டிக்கு வாங்காதீர்கள்.

அட்டை இருந்தும் திரும்பி வருகிறவர்கள் நிறைய. காரணம் பெரும்பாலும் பெயர். ரேஷன் கார்டில் சேசுராஜ், ஆதாரில் யேசுராஜ், ஓபி சீட்டில் ராஜு. முஹம்மது, முகமது, முகம்மது என்று ஒரே ஆளுக்கு மூன்று எழுத்துக்கூட்டல். ஓபி சீட்டு போடும்போது அவசரத்தில் வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லிவிடுகிறோம். பயாப்ஸி ரிப்போர்ட், ஸ்கேன் எல்லாம் அதே பெயரில் வந்துவிடுகின்றன. பிறகு இந்த ராஜுதான் அந்த சேசுராஜ் என்று காட்ட ஒவ்வொரு காகிதமாகத் திருத்த வேண்டும். முதல் சீட்டிலேயே ஆதாரைக் கொடுத்து, அதில் உள்ளபடி எழுதச் சொல்லி, எழுதியதை வாங்கிப் படித்துப் பாருங்கள். புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகளின் பெயர் தாய்வீட்டு ரேஷன் கார்டிலேயே கிடப்பதும், பிறந்த குழந்தையைக் கார்டில் சேர்க்காமல் விடுவதும் இதே கதைதான்.

இன்னொன்று, 5 லட்சம் என்றால் எந்த ஆஸ்பத்திரியிலும் எந்த நோய்க்கும் 5 லட்சம் வரை கிடைக்கும் என்று அர்த்தம் இல்லை. ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு தொகை நிர்ணயித்திருக்கிறார்கள். ஒரு ஆஸ்பத்திரி இதய சிகிச்சைக்கு மட்டும் பட்டியலில் இருக்கும், புற்றுநோய்க்கு இருக்காது. மதுரைக்கு வண்டி பிடிப்பதற்கு முன் 1800 425 3993 என்ற இலவச எண்ணில், நோயின் பெயரையும் ஆஸ்பத்திரியின் பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் அட்டை எதற்கு என்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். அங்கேயும் கொடுங்கள், காப்பீட்டுத் தொகை அந்த ஆஸ்பத்திரிக்குச் சேரும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் விபத்து என்றால் விஷயம் வேறு. 2021 டிசம்பரில் வந்த இன்னுயிர் காப்போம் திட்டத்தில், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு அட்டையோ வருமானச் சான்றோ தேவையில்லை. 108-ஐக் கூப்பிடுங்கள். அகப்பட்ட காரில் ஏற்றி அகப்பட்ட ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள்.

மருந்துக் கம்பெனிகளின் உதவி

புற்றுநோய், மூட்டுவாதம் போன்றவற்றுக்கான விலை உயர்ந்த மருந்துகளில் சிலவற்றுக்கு, தயாரிக்கும் கம்பெனியே பேஷண்ட் சப்போர்ட் புரோகிராம் என்று ஒன்று வைத்திருக்கும். குறிப்பிட்ட அளவு வாங்கினால் அடுத்தது இலவசம் என்பது வழக்கமான ஏற்பாடு. டாக்டர் படிவத்தில் கையெழுத்துப் போட்டால்தான் சேர முடியும். டாக்டராகவே சொல்வார் என்று காத்திருக்காதீர்கள், நீங்களே கேளுங்கள். பதிவதற்கு முன் வாங்கியது பெரும்பாலும் கணக்கில் வராது. ஒரிஜினல் பில், மாத்திரையின் காலி அட்டை, காலி குப்பி எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். பல இடங்களில் அவற்றைக் காட்டினால்தான் அடுத்த மருந்து.

படிவத்தில் போன் நம்பர் எழுதும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும். சரிபார்க்கக் கூப்பிடும்போது நம்பருக்கு உரியவர் கடலில், சிக்னல் இல்லாத இடத்தில் இருப்பார். இரண்டு தடவை எடுக்காவிட்டால் விண்ணப்பம் அப்படியே கிடந்துவிடும். கரையில் இருக்கும் அக்கா, மகள் யாருடைய நம்பரையாவது கொடுங்கள்.

இலவசம் என்ற சொல்லைக் கேட்டதும் கையெழுத்துப் போடாமல், இதே மருந்து வேறு கம்பெனியில் குறைந்த விலைக்குக் கிடைக்குமா, அரசு ஆஸ்பத்திரியில் கிடைக்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் இதற்கு நல்ல உதாரணம். க்ளிவெக் என்ற பெயரில் அது எட்டாத விலையில் இருந்தபோது கம்பெனியின் இலவசத் திட்டம்தான் பலருக்குக் கதி. 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதற்குக் காப்புரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. இந்தியக் கம்பெனிகளின் மாத்திரை அதைவிடப் பல மடங்கு குறைந்த விலையில் கிடைக்கிறது.

சிறியதாகத் தெரியும் செலவுகள்

மதுரைக்கும் சென்னைக்கும் போய்வரும் செலவை யாரும் எழுதி வைப்பதில்லை. புற்றுநோய் சிகிச்சைக்குப் போகிறவருக்கு ரயிலில் ஸ்லீப்பர் கட்டணம் முழுதும் தள்ளுபடி, துணைக்குப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம். டயாலிசிஸ், இதய அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் உரிய படிவத்தில் சான்று வாங்கி முன்பதிவு கவுண்டரில் கொடுக்க வேண்டும். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு ராமேஸ்வரத்தில் இருந்தே ஏறிக்கொள்ளலாம்.

காசநோய்க்கு மருந்து இலவசம். அதோடு சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். தனியாரிடம் பார்ப்பவர்களுக்கும் உண்டு. வெட்கப்பட்டுப் பதியாமல் விடாதீர்கள்.

ஜமாத், சர்ச் பங்கு, சங்கம் என்று ஊரில் கை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அது நமக்குப் பெரிய பலம். ஆனால் வாய்க்கணக்கோடு போகக் கூடாது. ஆஸ்பத்திரி முத்திரையோடு செலவு மதிப்பீட்டுக் கடிதம் இரண்டு மூன்று ஒரிஜினல் வாங்கிக்கொள்ளுங்கள். பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கும் அதே கடிதம் வேண்டும். அந்தப் பணமும் ஆஸ்பத்திரிக்குத்தான் போகும், முடிந்துபோன சிகிச்சைக்குக் கிடைக்காது.

காப்பீட்டில் சேர்த்த பிறகும் “இதற்குத் தனியாகக் கட்டுங்கள்” என்று யாராவது கேட்டால், எதற்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். நோயாளி டிஸ்சார்ஜ் ஆவதற்குள் அதே 1800 425 3993-இல் புகார் சொல்லிவிடுங்கள், 104 என்ற சுகாதார உதவி எண்ணிலும் சொல்லலாம். வீட்டுக்கு வந்த பிறகு சொல்லும் புகாரைவிட, கட்டிலில் ஆள் இருக்கும்போது சொல்லும் புகாருக்குச் சீக்கிரம் பதில் வரும்.