சிங்களப் பாடத்தில் பிள்ளைகளே பேச: புதிய ஆசிரியருக்கு ஒரு செய்முறை

இலங்கை மலையகத்தின் நம் தமிழ்ப் பாடசாலைகளில் சிங்களம் இரண்டாம் மொழி. கரும்பலகையில் இருப்பதைப் பிழையில்லாமல் கொப்பியில் எழுதும் பிள்ளை, ஹட்டன் டவுனில் கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்டால் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறது. வகுப்பில் பேசுவது நாம் மட்டும்தானே! ஒருவரையொருவர் கேட்டே ஆகவேண்டும் என்ற தேவை வந்தால் பிள்ளைகள் பேசுவார்கள். அதற்கு ஒரு பாடவேளை போதும்.

படி 1: மூன்று வசனங்கள்
"தேருனே நே" (விளங்கவில்லை), "ஆயெ கியன்ன" (திரும்பச் சொல்லுங்கள்), "ஹெமின் கியன்ன" (மெதுவாகச் சொல்லுங்கள்). பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இவை வாயில் இருந்தால், தடுமாறும்போது பிள்ளை உங்களைத் தேடாது. எதிரில் இருப்பவரையே கேட்கும்.

படி 2: அட்டை
பழைய கலண்டர் தாளின் பின்பக்கம் போதும். ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை, நானுஓயா, பண்டாரவளை என்று இரண்டு அட்டைகளிலும் எழுதுங்கள். முதல் அட்டையில் மூன்று ஸ்டேஷனுக்கு மட்டும் கோச்சி (ரயில்) நேரம்; மற்ற மூன்றுக்கு இரண்டாவது அட்டையில். ஜோடியில் ஆளுக்கொரு அட்டை; தன்னிடம் இல்லாத நேரத்தை மற்றவரிடம் சிங்களத்தில் கேட்டு நிரப்ப வேண்டும். நேரங்கள் உங்கள் கற்பனையாக இருக்கட்டும். உண்மையான நேரம் போட்டால் ஸ்டேஷன் பக்கத்து லயத்துப் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) பிள்ளை கேட்காமலே நிரப்பிவிடும். பதில் தெரிந்த கேள்வியை யார் கேட்பார்கள்? பாடநூல் உரையாடல்களை மாறிமாறி வாசிக்க வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லாததும் இதனால்தான்.

படி 3: ஜோடி
மேசையை நகர்த்த வேண்டாம். முன் வாங்குப் பிள்ளைகள் பின்னால் திரும்பினால் போதும். ஒரே மண்டபத்தில் பல வகுப்புகள் என்றால் பக்கத்து டீச்சரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், சத்தம் வரத்தான் செய்யும். டவுனில் வளர்ந்து சிங்களம் சரளமாகப் பேசும் பிள்ளையையும் தோட்டத்தின் மேல் டிவிஷனில் (மேல் பகுதியில்) இருந்து வரும் பிள்ளையையும் ஜோடி சேர்த்தால், முதலில் கேட்பது டவுன் பிள்ளையாக இருக்கட்டும். தகவல் மற்றவர் கையில் இருப்பதால் டவுன் பிள்ளை பொறுமையாகக் காத்திருந்தே ஆகவேண்டும்.

படி 4: மாதிரி காட்டுதல்
விளையாட்டின் விதியைத் தமிழிலேயே சொல்லுங்கள். பிறகு ஒரு பிள்ளையிடம், "ஹட்டன் இந்தலா கோச்சிய கீயட்டத யன்னே?" (ஹட்டனில் இருந்து கோச்சி எத்தனை மணிக்குப் போகிறது?) என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருந்தார்கள். 3 விநாடியாவது பொறுத்தபோது பதில்கள் நீண்டன. பிள்ளைகள் தாங்களாகவே பேச வருவதும் கூடியது. மனதுக்குள் எண்ணிப் பாருங்கள், அந்த 3 விநாடி எவ்வளவு நீளம் என்று தெரியும்!

படி 5: திருத்தம்
பேசும்போது குறுக்கே போகாதீர்கள். காதில் விழும் பிழைகளைக் குறித்துக்கொண்டு, கடைசியில் நான்கைந்தை மட்டும் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதுங்கள். திருத்துவது அவர்கள் வேலை.

படி 6: அடுத்த வாரம்
அட்டையை அவர்களே செய்யட்டும். மரக்கறி விலை, பஸ் நேரம், கிரிக்கெட் ஓட்டங்கள், எதுவானாலும் சரி. கொப்பியின் பின்பக்கம், "இந்த வாரம் என்னால் சிங்களத்தில் கேட்க முடிந்தவை" என்று ஒவ்வொருவரும் ஒரு பட்டியல் வைத்திருக்கட்டும். அதற்குப் புள்ளி (மதிப்பெண்) போடாதீர்கள். போட்டால் உங்களுக்குப் பிடித்ததையே எழுதுவார்கள்.