இதமான சவுண்டுக்கு எந்த ஸ்பீக்கர் ஒயர்?

பெங்களூர் எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் போய் “வார்ம் சவுண்ட் தர்ற கேபிள் இருக்கா?” என்று கேட்டால் இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கண்ணாடி அலமாரியைத் திறந்து, துணி உறை போட்ட, விரல் தடிமன் கேபிள் ஒன்றை நீட்டுவார்கள். விலையைக் கேட்டால் இன்னொரு ஸ்பீக்கரே வாங்கிவிடலாம் போலிருக்கும். அங்கே கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. எத்தனை ஸ்கொயர் (உள்ளே இருக்கும் உலோகத்தின் குறுக்குப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில்)? முழுக் காப்பரா?

தூரவாணி நகர் ஐ.டி.ஐ. டெலிஃபோன் ஃபேக்டரியில் ஒயரோடும் சால்டரிங் அயர்னோடும் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள் நான். அதனால் அல்சூர் பக்கம் சொந்தக்காரர் யார் ஸ்பீக்கர் வாங்கினாலும் என்னைத்தான் கேட்பார்கள். நான் சொல்வது இதுதான்: மிருதங்கத்தின் தொப்பி கும்மென்று நிறைவாகக் கேட்பதும், பாடுகிறவர் குரலில் ‘ஸ’ காதைக் குத்தாமல் இருப்பதும் ஸ்பீக்கரும் அறையும் தருவது. ஒயர் அதைக் கூட்டித் தராது. ஆனால் தப்பான ஒயர் இருப்பதையும் கெடுத்துவிடும்.

முதலில் தடிமன். ஸ்பீக்கர் ஐந்து மீட்டர் தள்ளி இருந்தால் போக, வரப் பத்து மீட்டர் காப்பர். 2.5 ஸ்கொயர் ஒயரில் அதன் ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.08 ஓம். ஸ்பீக்கர் பெட்டியோடு சில சமயம் இலவசமாக வரும் அரை ஸ்கொயர் மெல்லிசு ஒயரில் 0.4 ஓமை நெருங்கும். ஸ்பீக்கரின் முதுகில் 8 ஓம் என்று போட்டிருந்தாலும் தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை எல்லாவற்றுக்கும் அது எட்டாகவே நிற்பதில்லை. ஒரு இடத்தில் 4க்கு இறங்கும், இன்னோர் இடத்தில் 20க்கு ஏறும். அந்த 0.4 ஓம் ஒயர், 4 ஓம் இருக்கும் இடத்தில் 0.8 டெசிபலைத் தின்றுவிடும். 20 ஓம் இடத்தில் 0.2கூட எடுக்காது. ஆக, சத்தம் மேடும் பள்ளமுமாக மாறிவிடுகிறது. 2.5 ஸ்கொயரில் இந்த வித்தியாசம் 0.15 டெசிபலுக்குள் அடங்கிவிடும்.

மெல்லிய ஒயர் போட்டால் சவுண்டு இதமாக இருக்கிறது என்று சிலர் சொல்வது இதனால்தான். பாஸ் என்கிற தாழ்ந்த சத்தத்தின் பக்கம் ஓம் ஏறும் இடத்தில் ஒயர் குறைவாகவே தின்னும், அதனால் அது கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். பழைய கண்ணாடிக் குழல் வைத்த வால்வ் ஆம்ப்ளிஃபையர்களிலும் இதே சங்கதிதான், இன்னும் பெரிய அளவில். ஆனால் பல ஸ்பீக்கர்களில் ஓம் மேலே ட்ரெபிள் என்கிற உயர்ந்த சத்தத்தின் பக்கமும் ஏறும், அப்போது குத்தலும் சேர்ந்தே கூடும். எது நடக்கும் என்பது உங்கள் பெட்டியைப் பொறுத்தது. இதை நம்பி ஒயர் வாங்க வேண்டாம்.

ஸ்பீக்கர் இருக்கும் தூரம் (ஒரு வழி மட்டும்) மூன்று மீட்டர் வரை 1.5 ஸ்கொயர், எட்டு மீட்டர் வரை 2.5, அதற்கு மேல் 4. ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள். நூலை வைத்துச் சுவரோரம், கதவுச் சட்டம் எல்லாம் சுற்றி அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

அடுத்தது காப்பர். பார்க்கச் செக்கச்செவேல் என்று இருக்கும், உள்ளே அலுமினியம், மேலே காப்பர் முலாம். அப்படி ஒயர் நிறைய வருகிறது. அதே தடிமனில் ரெசிஸ்டன்ஸ் ஒன்றரை மடங்குக்கு மேல். கடையிலேயே ஒரு இழையைப் பிரித்து பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம். சுருளைக் கையில் தூக்கினாலே லேசாக இருக்கும். வெளியே வெள்ளை, சுரண்டினால் சிவப்பு என்றால் அது ஈயம் பூசிய நல்ல காப்பர், பயப்பட வேண்டாம். “மேடம், இது ஆக்ஸிஜன் ஃப்ரீ” என்பார்கள். கரன்ட்டைக் கடத்துவதில் சாதாரண எலக்ட்ரிக்கல் காப்பரைவிட அது ஒரு சதவீதம் அளவுக்குத்தான் மேல். சுத்த வெள்ளியே ஆறு சதவீதம்தான் மேல். 2.5-லிருந்து 4 ஸ்கொயருக்குப் போனால் அறுபது சதவீதம்.

நான் போடுவது வீட்டு வயரிங்குக்கு விற்கும் ஐ.எஸ். 694 முத்திரை உள்ள 2.5 ஸ்கொயர் காப்பர் ஒயர். சிவப்பில் ஒன்று, கறுப்பில் ஒன்று வாங்கி முறுக்கிக்கொள்வேன். “அத்தை, இது ஃபேன் ஒயராச்சே” என்று ஒயிட்ஃபீல்டில் இருக்கும் அண்ணன் மகன் முகம் சுளித்தான். காப்பருக்கு ஃபேன் எது, பாட்டு எது என்று தெரியுமா என்ன!

மாட்டும்போது ஆம்ப்ளிஃபையரை ஆஃப் செய்யுங்கள். முனையில் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் உரித்து, இறுக முறுக்குங்கள். ஒரு இழைகூட பக்கத்து டெர்மினலைத் தொடக்கூடாது, தொட்டால் ஆம்ப்ளிஃபையருக்கே ஆபத்து. ஸ்க்ரூவில் இறுக்குகிற முனைக்குச் சால்டரிங் ஈயம் வைக்காதீர்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த ஈயம் மிருதுவானது, அழுத்தத்தில் நாளாக நாளாகப் பிதுங்கிக் கொடுத்து ஸ்க்ரூ லூஸாகிவிடும். வெறும் காப்பரையே இறுக்குங்கள், இல்லையென்றால் ஃபெரூல் என்கிற சின்ன உலோகக் குழாயைப் போட்டு நசுக்குங்கள். இரண்டு பக்கத்துக் கறுப்பையும் ஒன்றாகச் சேர்த்துவிடவும் கூடாது, சில ஆம்ப்ளிஃபையர்களில் கறுப்பு டெர்மினல் எர்த் கிடையாது.

‘சவுண்டு வறட்சியாக இருக்கிறது’ என்று என்னைக் கூப்பிடும் வீடுகளில் முதலில் பார்ப்பது சிவப்பு கறுப்பு மாறியிருக்கிறதா என்பதைத்தான். ஒரு பக்கம் மட்டும் மாறிவிட்டால் ஒரு ஸ்பீக்கரின் கோன் (முன்னும் பின்னும் அசையும் கூம்பு) முன்னே வரும்போது மற்றது பின்னே போகும், பாஸ் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பாடுகிறவர் நடுவில் நிற்காமல் அறை முழுக்கப் பரவிக் கேட்பார். சந்தேகம் இருந்தால் ஒயரை ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றிவிட்டு, அந்த முனையில் 1.5 வோல்ட் பேட்டரியின் ப்ளஸ்ஸைச் சிவப்பிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு நொடி தொடுங்கள். இரண்டு பெட்டியிலும் வூஃபர் (பாஸ் தரும் பெரிய கோன்) ஒரே திசையில் நகர வேண்டும்.

இதெல்லாம் சரி, இன்னும் இதம் போதவில்லை என்றால் ஒயரை விட்டுவிட்டு அறையைப் பாருங்கள். பெங்களூர் ஃப்ளாட்டில் தரை வழவழ டைல்ஸ், ஒரு பக்கம் பூராக் கண்ணாடிக் கதவு. ட்ரெபிள் மோதி மோதித் திரும்பும். தடித்த திரை, ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவே கெட்டியான கார்ப்பெட். பவானி ஜமக்காளம் ஒரு மடிப்பில் பிரயோஜனமில்லை, நாலாக மடியுங்கள். பெட்டியைச் சுவரோரம் நகர்த்தினால் பாஸ் ஏறும். ஒரு சாண் ஒரு சாணாக நகர்த்திக் கேளுங்கள். ட்ரெபிள் தரும் சின்ன ட்வீட்டர் நேரே காதைப் பார்த்தால் கொஞ்சம் வெளியே திருப்புங்கள். ட்ரெபிள் குமிழைத் திருகுவதும் பாவமில்லை.

அப்படியும் அலமாரி கேபிள் மேல் ஆசை போகவில்லையா? ஒரு நண்பரிடம் இரவல் வாங்கி, வீட்டில் இன்னொருவரை மாற்றி மாற்றி மாட்டச் சொல்லி, எது என்று தெரியாமல் கேளுங்கள். வால்யூம் சமமாக இருக்க வேண்டும், ஏனென்றால் சற்றே கூடுதல் சத்தமும் காதுக்கு நல்ல சவுண்டாகத்தான் படும். கடையில் வாங்கித்தான் பார்க்க வேண்டுமென்றால் திருப்பி எடுப்பார்களா என்று வெட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.