தீபாவளிக்கு முந்தின நாளே லேகியம் கிளறிவிடுங்கள்

தீபாவளியன்று விடிந்தது முதல் இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும்தான். வயிறு மந்தமான பிறகு மருந்து தேடுவதைவிட, முந்தின நாளே லேகியம் கிளறி வைப்பது மேல்.

தனியா 2 மேசைக்கரண்டி, சீரகம் 1 மேசைக்கரண்டி, மிளகு, ஓமம் தலா 1 தேக்கரண்டி, கண்டந்திப்பிலி நான்கைந்து குச்சி. இவற்றை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, தோல் சீவிய 100 கிராம் இஞ்சியோடு நைசாக அரையுங்கள். திப்பி நாக்கில் தட்டினால் பிள்ளைகள் துப்பிவிடுவார்கள், வடிகட்டிவிடுவது நல்லது. அடிகனமான வாணலியில் பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டு, 150 கிராம் வெல்லம் சேர்த்துச் சிறு தீயில் கிளறுங்கள். இடையிடையே நெய்யும் கொஞ்சம் நல்லெண்ணெயும் விடுங்கள். சுருண்டு, ஓரத்தில் நெய் பிரியும்போதே இறக்கிவிட வேண்டும்; தாண்டினால் ஆறியதும் கல்லாகிவிடும். லேகியம் ஆறிய பிறகுதான் தேன் கலக்க வேண்டும்.

எண்ணெய்க் குளியல் முடிந்ததும் வெறும் வயிற்றில் சிறு நெல்லிக்காய் அளவு போதும். வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு இந்தக் காரம் ஆகாது. சர்க்கரை நோயாளிகள் வெல்லத்தைக் கணக்கில் கொள்ளுங்கள். தேன் கலந்திருப்பதால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தொட்டு நக்கக்கூடக் கொடுக்கக் கூடாது.

மதியம் ரசமும் மோரும் இருக்கட்டும். கண் சொக்கினாலும் சாப்பிட்டவுடன் படுக்காதீர்கள்.