டிகிண்டர் ட்ரீவியூ, லிஸ்ட்பாக்ஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜன்னல், பொத்தான் கொண்ட நிரல்களை எழுத பைத்தானோடு சேர்ந்தே வரும் நூலகமான டிகிண்டரில் சாதாரணப் பட்டியலுக்கு லிஸ்ட்பாக்ஸ் இருக்கிறது. கிளை பிரியும் மரத்துக்கும் பல நெடுவரிசை கொண்ட அட்டவணைக்கும் ட்ரீவியூ. இவற்றில் தலைவலி தரும் பிழைகள் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன: திரையில் காட்டுவதற்கென்று இருக்கும் விட்ஜெட்டை (பட்டியல், பொத்தான் போன்ற திரைக் கூறு) நாம் தரவுக் கிடங்காகவும் ஆக்கிவிடுகிறோம்.

வாடிக்கையாளர் பட்டியல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒருவருடைய குறியீட்டு எண் '00742'. ட்ரீவியூவில் போட்டால் அப்படியேதான் தெரியும். ஐட்டம் மெத்தடைக் கூப்பிட்டு, அது தரும் டிக்ஷனரியிலிருந்து வேல்யூஸை எடுத்துப் பாருங்கள், 742 என்று வரும். எண் போலத் தெரிகிற சரத்தை டிகிண்டர் திருப்பித் தரும்போது தானாகவே இன்டிஜராக மாற்றிவிடுகிறது. அதைக் கோப்பில் சேமித்தால் முன்னால் இருந்த பூஜ்ஜியங்கள் போயே போச்சு. திரையில் எல்லாம் சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது.

அதனால் உண்மையான தரவைத் தனி டிக்ஷனரியில் வையுங்கள். இன்சர்ட் செய்யும்போதே ஐஐடி என்ற அடையாளத்துக்கு உங்கள் ப்ரைமரி கீயை, அதாவது ஒவ்வொரு பதிவுக்கும் உரிய தனித்த எண்ணைக் கொடுங்கள். பயனர் ஒரு வரிசையைத் தேர்ந்தெடுத்தால் அந்த ஐஐடியை மட்டும் வாங்கி, மீதியை டிக்ஷனரியில் தேடிக்கொள்ளலாம். ஐஐடியாக 17 என்ற எண்ணைக் கொடுத்தாலும் அது '17' என்ற சரமாகத்தான் திரும்பி வரும், கவனம். ஒரே மரத்தில் துறைகளும் ஊழியர்களும் இருந்து, இரண்டு அட்டவணையிலும் 5 என்ற கீ இருந்தால், 'ஏற்கெனவே இருக்கிறது' என்று டிசிஎல் எரர் (டிகிண்டருக்கு அடியில் ஓடும் டிசிஎல் மொழி தரும் பிழை) விழும். 'து5', 'ஊ5' என்று முன்னொட்டு சேர்த்தால் போதும்.

லிஸ்ட்பாக்ஸில் எல்லோரையும் ஒரு முறையாவது குழப்பும் சங்கதி ஒன்று உண்டு. இடப்பக்கம் மாவட்டம், வலப்பக்கம் வட்டம் என்று இரண்டு பட்டியல் வைக்கிறீர்கள். வலப்பக்கம் க்ளிக் செய்ததும் இடப்பக்கத் தேர்வு காணாமல் போகிறது. கூடவே இண்டெக்ஸ் எரர் வேறு. எக்ஸ்போர்ட்செலெக்‌ஷன் என்ற அமைப்பு இயல்பாகவே ட்ரூவாக இருப்பதுதான் காரணம். தேர்ந்தெடுத்ததை மற்ற நிரல்களும் எடுத்துக்கொள்ளட்டும் என்ற பழைய எக்ஸ் விண்டோ (யூனிக்ஸ் கணினிகளின் திரை அமைப்பு) வழக்கம் அது. ஒரு நேரத்தில் ஒரு விட்ஜெட்தான் அந்த உரிமையை வைத்திருக்க முடியும். உரிமை போன பட்டியலுக்கும் தேர்வு மாறிய நிகழ்வு வருவதால், உங்கள் ஃபங்ஷன், தேர்வுகளைத் தரும் டியூப்பிள் என்ற தொகுப்பு காலியாக இருக்கும்போதும் அதன் முதல் உறுப்பைத் தேடிக் கவிழ்கிறது. அந்த அமைப்பை ஃபால்ஸ் ஆக்குங்கள், ஃபங்ஷனிலும் தேர்வு காலியா என்று முதலில் பாருங்கள். பல வரிகளை நீக்கும்போது கீழிருந்து மேலாக நீக்குவது நல்லது. மேலிருந்து தொடங்கினால் ஒன்று போனதும் மற்றவற்றின் எண் மாறிவிடும்.

கோப்புறை மரத்தைத் தொடக்கத்திலேயே முழுக்க நிரப்புவது இன்னொரு வீண் வேலை. ஒவ்வொரு கோப்புறைக்கும் கீழே ஒரு போலிக் குழந்தையை (உள்வரிசையை) போட்டு வையுங்கள், விரிக்கும் குறி வந்துவிடும். ட்ரீவியூஓப்பன் நிகழ்வு வரும்போது போலியை நீக்கிவிட்டு உண்மையானதை நிரப்பலாம். வேகம் வேண்டும் என்று வேறு த்ரெட்டிலிருந்து (நிரலுக்குள் இணையாக ஓடும் வேலை) நேராக ட்ரீவியூவைத் தொடாதீர்கள். அந்த த்ரெட் தகவலை ஒரு க்யூவில் (காத்திருப்பு வரிசையில்) போடட்டும், முதன்மை த்ரெட் ஆஃப்டர் மெத்தட் வழியாக எடுத்துக்கொள்ளட்டும்.

ஐகான் தெரியவில்லையா? படத்தை வைத்திருக்கும் ஃபோட்டோஇமேஜை லோக்கல் மாறியில் விட்டிருப்பீர்கள், ஃபங்ஷன் முடிந்ததும் பைத்தான் அதை அழித்துவிட்டது. '100' என்பது '9'க்கு முன்னால் வருகிறதா? சரங்களாக வரிசைப்படுத்தியிருக்கிறீர்கள். தலைப்பை டபுள் க்ளிக் செய்தால் ஏதோ ஒரு வரிசை திறக்கிறதா? ஃபோகஸில் இருப்பதை எடுக்காமல், ஐடென்டிஃபை ரோ மூலம் க்ளிக் விழுந்த வரிசையைக் கேளுங்கள். தலைப்பில் விழுந்திருந்தால் காலிச் சரம் வரும்.

அப்புறம், ட்ரீவியூ வரிசைக்கு டேக் (அடையாளப் பெயர்) வைத்துக் கொடுத்த பின்னணி நிறம் மட்டும் வரவே இல்லையென்றால் நிரலை நோண்டுவதற்கு முன் டிகே (டிகிண்டருக்கு அடியில் இருக்கும் வரைகலை நூலகம்) பதிப்பைப் பாருங்கள். 8.6.9 என்றிருந்தால் பிழை உங்களுடையது அல்ல, 8.6.10இல் அதைச் சரிசெய்துவிட்டார்கள்.