கிராம்பு எண்ணெய்க் களைக்கொல்லி: எப்போது தெளித்தால் பலன்?

ரசாயனக் களைக்கொல்லி வேண்டாம் என்று நினைப்பவர்கள் கிராம்பு எண்ணெய் சேர்ந்த களைக்கொல்லிகளைப் பயன்படுத்திப் பார்க்கலாம். அதிலுள்ள யூஜினால் என்ற பொருள் இலையின் செல் சவ்வைச் சிதைக்கிறது. நீர்ச்சத்து வெளியேறி, சில மணி நேரத்திலேயே களை வாடிவிடும். ஆனால் பட்ட இடத்தில் மட்டும்தான் வேலை செய்யும், வேருக்கு இறங்காது. அதனால் பருவம் பார்த்துத் தெளிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. களை 2 முதல் 4 இலை விட்டிருக்கும்போது, நல்ல வெயிலில், இலை முழுக்க நனையும்படி தெளியுங்கள். முற்றிய களை என்றால் மேலே கருகி, அப்புறம் மறுபடி துளிர்த்துவிடும். கோரை, அருகு இரண்டையும் தோண்டி எடுப்பதே சரி.

எண்ணெய் தண்ணீரோடு எளிதில் கலக்காது என்பதால் டேங்கை அடிக்கடி குலுக்குங்கள். பயிர் மேல் பட்டால் பயிரும் கருகும். தாவரத்திலிருந்து வந்ததுதானே என்ற அலட்சியம் வேண்டவே வேண்டாம். கண்ணிலும் தோலிலும் பட்டால் நன்றாகவே எரியும். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம்.

இன்னொன்று: சோளத்தின் வேர் சுரக்கும் சோர்கோலியோன் என்ற பொருள் சிறு விதைக் களைகள் வளர்வதைத் தடுக்கிறது. பயிர்ச் சுழற்சியில் சோளத்தைச் சேர்த்தால் களை குறையும். அதே நிலத்தில் உடனே சிறு விதைக் காய்கறிகளை மட்டும் விதைக்காதீர்கள், அவற்றின் முளைப்பும் பாதிக்கப்படலாம்.